பீட்டில் உட்காராத மிச்சம்

எல்லாருக்கும் முன்னால் பேசச் சொன்னாய். பேசுகிறேன். எழுத்தில்.

சனிக்கிழமை மாலை நீ இணையத்தில் வைத்திருக்கும் லைவுக்கு நான் வரப்போவதில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் "ஏம்மா, ஏம்மா" என்பாய், நானும் பாதியில் இளகிவிடுவேன். அதனால் நம் தெருக்களில் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகும் வாரப் பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். அதில் வழக்கமாக குடிநீர் லாரி வராததைப் பற்றியும் தெருநாய்களைப் பற்றியும் கடிதம் வரும். இந்த வாரம் உன்னைப் பற்றி. உன் நண்பர்கள் அதைப் படிப்பதில்லை. ஆனால் யாராவது படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதலில் உனக்கு வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். உன் பாட்டில் வரும் பெண் குரல் என்னுடையது. காசு கொடுத்து யாரையும் பேசவைக்கவில்லை. மிமிக்ரி இல்லை. கம்ப்யூட்டர் செய்ததும் இல்லை. "இன்னாடா, வூட்டுக்கு வரியா, இல்ல அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா" என்று சொன்னது நான்தான். ஆதாரம் கேட்கிறவர்களிடம் இந்தப் பத்தியைக் காட்டு. இதற்கு மேல் எழுதுவது உனக்கு.

பாட்டு வெளியான அன்று பீர்க்கன்கரணையில் நண்பர்களோடு நீ எடுத்திருக்கும் அறையிலிருந்து வீட்டுக்கு வந்தாய். அலமாரியைத் திறந்து, வெளிச்சத்தம் விழாமலிருக்கப் போர்வைகளைத் தொங்கவிட்டு அதற்குள் தலையை நீட்டிப் பாடிப் பதிவு செய்ததாகச் சொன்னாய். என் பழைய கம்பளி அங்கே போயிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டிவியில் போட்டாய். திரையில் உன் பெயர் வந்தது. அஸ்தினாபுரத்தைச் சுருக்கி 'அஸ்தி'. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "எவனாவது பேரு அஸ்தின்னு வெச்சுப்பானாடா? காசிக்குக் கிளம்பற மாதிரி இருக்கு" என்றார். "அதான்ப்பா கெத்து" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் என் குரல் வந்தது.

ஒரு கணம் யாரோ வாசலில் நின்று கத்துவதாகவே நினைத்தேன். என் சின்ன வயதுத் தெருவிலிருந்து யாரோ. பிறகு என் குரலுக்குக் கீழே டிரம் அடி விழுந்தது, அதே வாக்கியம் மறுபடி வந்தது, மறுபடி வந்தது. நீ திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். சர்ப்ரைஸ் என்றாய். நல்லாயிருக்கு என்றேன். அதில் பொய் அதிகம் இல்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. குறிப்பாக இரண்டாவது சரணம்.

சென்னைக்காரன் கேட்டா செங்கல்பட்டுன்றான்
செங்கல்பட்டுல கேட்டா சென்னைன்றான்
நடுவுல மாட்டிகினேன் நானு
என் ஊரு எந்தப் பக்கம்?

அந்தச் சரணத்தை மூச்சு விடாமல் பாடியிருக்கிறாய். நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் நின்று "மூச்ச நல்லா இழுங்க, புடிச்சுக்கோங்க, விடலாம்" என்று சொல்கிறவள் நான். யாராவது பிடித்த மூச்சை விடாமல் நின்றால் என் கை தானாகப் பட்டனைத் தேடும். விடலாம்டா என்று சொல்லத் தோன்றியது. அந்தச் சரணத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதுதான் என் முதல் கோபம். எழுதியது நீ. பேசப்படுவது என் கத்தல்.

எனக்கு இரண்டு தமிழ் இருப்பது உனக்குத் தெரியும். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவரை ஒன்று. கல்யாணமாகி அஸ்தினாபுரம் வந்த பிறகு ஒன்று. யாரும் என்னைக் கேலி செய்து மாற்றவில்லை; அப்படி ஒரு சோகக்கதை கிடைக்குமா என்று நீ ஒருமுறை துருவியபோது ஏமாந்தாய். உன் அத்தை ஒரே ஒரு முறை, நான் "கீது" என்றதும், புரியாதவர் போல "என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். "இருக்கு" என்றேன். அது அப்படியே தங்கிவிட்டது. பிறகு எக்ஸ்ரே படிப்பு, வேலை, தபாலில் எம்.ஏ. நோயாளிகளிடம் ஒரு மாதிரி, டாக்டரிடம் ஒரு மாதிரி. எதுவும் நடிப்பாகத் தோன்றவில்லை. சட்டை மாற்றுகிற மாதிரி.

பழையது உன்னிடம் மட்டும் மிஞ்சியது. நீ குழந்தையாக இருந்தபோது, அப்பா வங்கிக்குப் போன பிறகு, வீட்டில் நாம் இருவர் மட்டும். உன்னைக் குளிப்பாட்டும்போது, துரத்திச் சோறு ஊட்டும்போது, வாய் தானாக அங்கே போய்விடும். இரண்டு பேருக்கு மட்டுமான மொழி என்று அதற்குப் பெயரெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பா மாலையில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நீயும் மாற்றிக்கொள்வாய். நான் சொல்லித்தரவில்லை. அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். பெரியவனான பிறகு எனக்குக் கோபம் வந்தாலோ பயம் வந்தாலோ மட்டும் அது வெளியே வரும். உன்னிடம் மட்டும்.

மழை பெய்த அன்று வந்தது போல. நீ காட்டாங்குளத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். "கெளம்பிட்டேன்" என்று மதியம் ஒரு செய்தி அனுப்பினாய். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. முடிச்சூரில் தண்ணீர் ஏறுகிறது, பெருங்களத்தூரில் பஸ்ஸைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். பைக்கோடு ஒரு பையன் தண்ணீரில் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். எந்தப் பையன், எங்கே, அவருக்குத் தெரியவில்லை. நான் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்து உனக்கு அனுப்பினேன்.

அந்த வாக்கியத்தில் "அங்கயே" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைக் கவனித்தாயா? நீ கிளம்பிவிட்டேன் என்றவன். வழியில் இருக்க வேண்டியவன். நான் "அங்கயே" என்றேன். நீ கிளம்பவே இல்லை, சும்மா சொல்லியிருக்கிறாய், ஹாஸ்டலில் எவனோடோ அரட்டை அடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறாய் என்று நம்பப் பார்த்தேன். திட்டினால் அது உண்மையாகிவிடும் என்பது போல. பொய் சொல்கிறவனைத் திட்டும் குரலில் பேசினால் நீ பொய் சொன்னவனாகவே இருப்பாய், உயிரோடு. திட்டி முடித்த பிறகு என்னால் அந்தக் குரலைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் சில வார்த்தைகள் வேறு மாதிரி வந்தன. உடைந்து வந்தன. விரலை எடுத்துவிட்டேன். அனுப்பப்பட்டுவிட்டது.

உண்மையில் நீ ஹாஸ்டலில்தான் இருந்தாய். கரண்ட் போய் போன் அணைந்திருந்தது. அடுத்த நாள் நனைந்த பையோடு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாய். அந்தப் பேச்சைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீ அதை அழிக்காமல் வைத்திருந்தாய் என்பது டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே போய்விடும்.

முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாய். பிறகு சேலையூரில் யாரோ ஒருவர் தன் நாயைச் சங்கிலி பிடித்து இழுக்கும் வீடியோவுக்குப் பின்னால் என் குரலைப் போட்டார். நாய் வர மாட்டேன் என்று ரோட்டில் படுத்துக்கொள்கிறது. நான் கத்துகிறேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பாத்ரூமிலிருந்து வெளியே வராத கணவனுக்கு என் குரல். கம்ப்யூட்டர் முன்னால் தூங்கும் ஐ.டி. பையனுக்கு என் குரல். ஷேர் ஆட்டோவில் எனக்குப் பக்கத்திலேயே இரண்டு கல்லூரிப் பெண்கள் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். நான் சானடோரியம் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஸ்கேன் சென்டரில் ஒரு பையன் நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்தான். வேலைக்குச் சேர மெடிக்கல். தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான். பிறகு தோள் குலுங்கியது. திரும்பிப் பார்த்து, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த வூட்டுக்கு வரியா பாட்டுல வர்ற மாதிரியே பேசறீங்க" என்றான். படம் அசைந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. நான் அவனிடம் நல்ல தமிழில்தான் பேசினேன். குரலில் எதைக் கண்டுபிடித்தான் என்று இன்றுவரை தெரியவில்லை. இவ்வளவு வருடமாகச் சட்டை மாற்றிக்கொண்டதாக நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் போல.

அவனுக்காவது காது இருந்தது. உன் மாமாவைச் சொல்கிறேன், கேள். வியாசர்பாடியிலிருந்து போன் செய்தான், என் கூடப் பிறந்தவன். "யக்கா, மாப்ள பாட்டு கேட்டேன். தூளா கீது. அந்தப் பொம்பள வாய்ஸ மட்டும் தூக்கிடச் சொல்லு. நம்மள மாரி பேசறேன்னு எவளோ நடிச்சிகினு கீறா. கேக்கவே பேஜாரா கீது" என்றான். யார் குரல் என்று தெரியவில்லையா என்று கேட்டேன். "யாரு, சீரியல்காரியா?" என்றான். நான் சொல்லவில்லை. "தெரியலப்பா" என்றேன். அந்தத் "தெரியலப்பா"வும் அஸ்தினாபுரத்துத் தமிழில்தான் வந்தது. அவனிடம்கூட நான் எப்போது மாறினேன்? அவன் தெருக் குழாயடியில் என்னோடு கத்திக் கத்தி வளர்ந்தவன்.

இதே குற்றச்சாட்டுத்தான் உன்மேலும் வந்தது. வடசென்னையிலிருந்து பாடுகிற ஒருவர் ஒரு வீடியோ போட்டார். அபார்ட்மென்ட் பையன் எங்க பாஷைய வாடகைக்கு எடுத்துகினு வேஷம் கட்டறான், அம்மா வேஷத்துக்கும் ஆள் புடிச்சிகீறான், என்று. அதன் கீழே நிறைய பேர். அஸ்தினாபுரத்துல எவன்டா வூடுன்னு சொல்றான், ஓவர் ஆக்டிங் ஆன்ட்டி, இன்னும் என்னென்னவோ. நீ எல்லாவற்றையும் படித்தாய். சாப்பிடும்போது படித்தாய். அப்பா படிக்காதே என்றபோது போனை மடியில் வைத்துப் படித்தாய். உன் அறிவுக்கு இது எப்படிப் புரியாமல் போகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கே பிறந்தாய் என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லலாம். நீ நிஜமா என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி வைத்திருப்பான்.

அதற்குப் பிறகுதான் போன ஞாயிற்றுக்கிழமை. நீ வந்தாய். சமையலறை வாசலில் நின்றாய்.

"ம்மா, ஒரே ஒரு வாட்டி. லைவ்ல கேமராவப் பாத்து அந்த லைன் மட்டும் சொல்லு. அப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

அப்பா ஹாலிலிருந்தே, பையன் கேக்கறான், சொல்லிட்டுப் போயேன் என்றார். அவர் வங்கியில் ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அங்கே அவருக்குப் பெயரே "வூட்டுக்கு வரியா சார்" ஆகிவிட்டது. அவர் அதை ரசிக்கிறார். நான் உன்னிடம் வேறொன்று கேட்டேன். பாட்டு வெளியான நாளிலிருந்து கேட்க நினைத்தது.

"மிச்சம் எங்கடா?"

"எந்த மிச்சம்?"

"கடைசியில ஒண்ணு சொல்லியிருந்தேனே."

நீ கொஞ்சம் யோசித்தாய். நிஜமாகவே யோசித்தாய். "ஓ, அதா. அது பீட்ல உக்காரலம்மா."

தாளத்துக்குள் அடங்கவில்லையாம். நான் அடுப்பைக் குறைத்தேன். நீ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் ஒரு படி மேலே போனாய். "வேணா ஃபுல் வாய்ஸ் நோட்டையும் போட்டுடலாம்மா. நீ லைவுக்கு வரவே வேணாம். அந்தக் கடைசி பிட்டு செம எமோஷனல். அதக் கேட்டா எவனும் ஃபேக்னு சொல்ல மாட்டான்."

செம எமோஷனல். நான் பயந்ததற்கு நீ கொடுத்த மதிப்பெண். உன்மேல் எனக்கு இதுவரை வந்த கோபங்களிலேயே இதுதான் பெரியது. அன்று காட்டவில்லை. குழம்பில் உப்பு போட்டேனா என்று மறந்துபோய் மறுபடி போட்டேன். நீ அந்த உப்புக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டாய்.

ஆனாலும் நீ போன பிறகு உனக்காக முயற்சி செய்தேன். இதை நீ நம்ப வேண்டும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறைக்குள் போனேன். அது கனத்த கதவு, உள்ளே பேசினால் வெளியே கேட்காது. மழையன்று பேசிய அதே இடம். இன்னாடா என்று ஆரம்பித்தேன். வரியா என்ற இடத்தில் நின்றேன். ஏன் நின்றேன்? அங்கே டிரம் விழும். அதற்காக இடம் விட்டிருக்கிறேன். மறுபடி சொன்னேன். குரல் மேலே ஏறியது, பாட்டில் நீ ஏற்றிவைத்திருக்கும் அளவுக்கு. இன்னொரு முறை, மெதுவாக. எப்படிச் சொன்னாலும் அந்தப் பாட்டில் வருகிறவளைப் போலவே சொன்னேன். என்னை நானே மிமிக்ரி செய்துகொண்டிருந்தேன். உன் மாமா சொன்னதும் அந்த வடசென்னைக்காரர் சொன்னதும் அந்த அறையில் உண்மையாகிவிட்டன. சனிக்கிழமை நான் வந்து சொன்னால் அவர்கள் போலி என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. பாட்டில் வெட்டாமல் முடியாது என்று எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயிலும் வெட்டுகிறோம். மணிக்கட்டு வேண்டுமென்றால் மணிக்கட்டுக்கு மட்டும் வெளிச்சத்தைச் சுருக்குவோம், மிச்சக் கை வெளியே கிடக்கும். ஆனால் படம் எடுப்பதற்கு முன் ஓரத்தில் ஈயத்தில் ஒரு எழுத்து வைப்போம். இடதா வலதா என்று. சின்ன எழுத்து. நோயாளிக்கு அது எதற்கென்றுகூடத் தெரியாது. அது இல்லாமல் வெளியே போகும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆபத்து. நல்ல காலை அறுத்துவிடுவார்கள். நீ என் குரலைத் தெளிவாக எடுத்தாய். ஓரத்தில் அந்த எழுத்தை வைக்கவில்லை. கடைசியில் வந்த அந்தச் சில வார்த்தைகள்தான் அந்த எழுத்து. அது இல்லாததால் பயந்தவள் நாயைத் திட்டுகிறவளாகிவிட்டாள். பாட்டில் என் ஊரு எந்தப் பக்கம் என்று நீயே கேட்கிறாய். கேட்கத் தெரிந்தவன் இதையும் யோசித்திருக்கலாம்.

அப்படியானால் முழுதாகப் போட்டுவிடுகிறேன் என்பாய். கூடாது. இப்போது போட்டால் அந்த வார்த்தைகளுக்கும் ஒரு நாய் கிடைக்கும். பாத்ரூமில் ஒரு கணவன் கிடைப்பான். இந்தக் கடிதத்திலும் அவற்றை எழுதவில்லை, கவனித்திருப்பாய். பத்திரிகை ஆசிரியர் முதலில் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுப் போனில் கேட்டார், அது என்னம்மா வார்த்தை, அதையும் போட்டா படிக்கறவங்களுக்கு நல்லாருக்குமே என்று. அவருக்கும் முடியாது என்றேன். அவை உன் போனில் இருக்கின்றன. அழிக்காதே. யாருக்கும் கொடுக்காதே. தனியாக இருக்கும்போது ஒருமுறை கேள், பீட் இல்லாமல்.

அடுத்த பாட்டு எழுது. பெயரை மாற்றச் சொல்லி அப்பாவைப் போல நச்சரிக்க மாட்டேன். அஸ்தி என்றே இருந்துகொள். அந்த இரண்டாவது சரணத்தை எழுதியவன் யாரிடமும் அம்மாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்குகிறேன். உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வீட்டுக்கு வா என்றால் அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. மற்ற வாக்கியத்தை வாயில் எடுத்தால் தெருவே சேர்ந்து பாடும். உன்னைக் கூப்பிட என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை நீ எல்லாருக்கும் கொடுத்துவிட்டாய். வேறு ஒன்று எனக்கு வரலாம், நீ தட்டின் முன்னால் உட்கார்ந்து முள்ளெடுக்கத் தெரியாமல் முழிக்கும்போது, நான் நினைக்காத நேரத்தில். வராமலும் போகலாம்.

கூப்பிடாமலே வா. போனைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வா.